குயின் மேரி கப்பல்: 1942 மோதலில் தப்பு யார் பக்கம்?

#1 பரிதி_கோவை

வணக்கம். போன வாரம் டைட்டானிக் இழையில் வழக்கம்போல எல்லோரும் அடித்துக்கொண்டு ஓய்ந்தோம். மூழ்கின கப்பலுக்கு இருக்கிற மவுசு மிதக்கிற கப்பலுக்கு இல்லையே என்ற ஆதங்கத்தில் இந்த இழையைத் தொடங்குகிறேன். எனக்குக் கப்பல் தொழில் தெரியாது, படித்த அறிவுதான். தெரிந்தவர்கள் திருத்துங்கள்.

ஸ்காட்லாந்தில் கிளைட் ஆற்றங்கரை, கிளைட்பேங்க் என்ற ஊர், ஜான் பிரவுன் கப்பல் பட்டறை. 1930 டிசம்பரில் வேலை ஆரம்பித்தது. அப்போது கப்பலுக்குப் பெயர் கிடையாது, 534 என்ற வேலை எண் மட்டும்தான். ஒரு வருஷம் ஆணி அடித்திருப்பார்கள், பொருளாதார மந்தம் வந்து, கப்பலுக்குச் சொந்தக்காரரான குனார்டு கம்பெனி கையை விரித்துவிட்டது. 1931 டிசம்பரில் பட்டறை மூடல். ஆயிரக்கணக்கான ஆட்கள் வீட்டுக்குப் போனார்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் அந்த இரும்புக்கூடு கரையிலேயே துருப்பிடித்துக்கொண்டு நின்றது. கல்யாணம் பாதியில் நின்றுபோன வீட்டுப் பந்தல் மாதிரி, ஊரே தினமும் அதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது.

1934-ல் பிரிட்டிஷ் அரசு 95 லட்சம் பவுண்டு கடன் கொடுக்க முன்வந்தது. அதில் 30 லட்சம் இந்தக் கப்பலை முடிக்க, 50 லட்சம் இன்னொரு ஜோடிக் கப்பல் கட்ட, மீதி கைச்செலவுக்கு. ஒரே நிபந்தனை: நொடித்துக் கிடந்த வொயிட் ஸ்டார் கம்பெனியோடு குனார்டு சேர வேண்டும். ஆமாம், டைட்டானிக் கம்பெனியேதான். போன இழைக்கும் இந்த இழைக்கும் சம்பந்தம் இருக்கிறது, மட்டுறுத்துநர் கோபிக்க வேண்டாம்.

1934 செப்டம்பர் 26, மழை. ராணி மேரியே வந்து தன் பெயரை வைத்துக் கப்பலை ஆற்றில் இறக்கினார். கப்பல் நீளம் 1,019 அடி, கிளைட் ஆறோ அங்கே குறுகல். நேரே விட்டால் எதிர்க்கரையில் போய்க் குத்தும். அதனால் எதிரே கார்ட் என்ற துணையாறு வந்து சேரும் வாயைப் பார்த்துச் சாய்வாக இறக்கி, இரண்டாயிரம் டன்னுக்கு மேல் சங்கிலியைப் பின்னால் கட்டி இழுத்து நிறுத்தினார்கள். இதில் ஒரு வேடிக்கை. அதே கிளைட் ஆற்றில் குயின் மேரி என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு சின்ன உல்லாசப் படகு ஓடிக்கொண்டிருந்தது. பெரியவளுக்கு வழிவிட்டு அது தன் பெயரை இரண்டாம் குயின் மேரி என்று மாற்றிக்கொண்டது.

1936 மே 27-ல் சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்கு முதல் பயணம். அந்தக் காலத்தில் அட்லாண்டிக்கை வேகமாகக் கடக்கும் கப்பலுக்கு 'நீல ரிப்பன்' என்று ஒரு கௌரவம். அதற்குப் பிரான்சின் நார்மண்டி என்ற கப்பலோடு குடுமிப்பிடி. 1936-ல் இவள் வென்றாள், 1937-ல் அவள் பறித்தாள், 1938 ஆகஸ்டில் இவள் மறுபடி பிடுங்கினாள். சராசரி கிட்டத்தட்ட 31 நாட், அதாவது மணிக்கு 57 கிலோமீட்டர். அப்புறம் 1952 வரை அது இவளிடமேதான்.

1939 செப்டம்பர் 3-ல் பிரிட்டன் போர் அறிவித்தபோது நடுக்கடலில் இருந்தாள். மறுநாள் நியூயார்க் சேர்ந்து அங்கேயே கட்டப்பட்டாள். 1940 மார்ச்சில் மேலெல்லாம் சாம்பல் வண்ணம் பூசி சிட்னிக்கு அனுப்பி, துருப்புக் கப்பலாக மாற்றினார்கள். 'சாம்பல் பேய்' என்ற பட்டப்பெயர் அப்போது வந்ததுதான்.

இப்போது என் கேள்வி. 1942 அக்டோபர் 2-ல், தனக்குக் காவலாக வந்த குரசோவா என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலையே இடித்து இரண்டாகப் பிளந்துவிட்டு, நிற்காமல் போய்விட்டாள். 330 பேருக்கு மேல் செத்தார்கள். பட்டப்பகல், தெளிவான வானம், ஒரே நாடு, ஒரே பக்கம். எப்படி?


#2 கப்பல்காரன்_தூத்துக்குடி

தம்பி பரிதி, நல்லா எழுதியிருக்கீங்க. 'ஆணி' இல்லை, ரிவெட்டு. ஒன்றிரண்டு இல்லை, ஒரு கோடி. கடையாணி அடிக்கிற மாதிரி ஒவ்வொன்றும் காய்ச்சி அடித்தது. வெல்டிங் காலம் அப்புறம்தான் வந்தது.

நான் சீஃப் என்ஜினியராக ஓய்வு பெற்றவன். மோதலுக்குள் போகும்முன் என்ஜின் பக்கத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மொத்தக் கதையும் அங்கேதான் இருக்கிறது.

24 பாய்லர், நாலு செட் கியர் டர்பைன், நாலு புரொப்பெல்லர். 1,60,000 குதிரைத்திறன். நாளொன்றுக்கு ஆயிரம் டன் எண்ணெய் குடிக்கும். சரக்குக் கப்பல் கணக்கில் பார்த்தால் இது பைத்தியக்காரத்தனம். ஆறு மணி நேரம் முன்னால் நியூயார்க் போய்ச் சேர்வதற்காகவும் பிரெஞ்சுக்காரனை ஜெயிப்பதற்காகவும் போட்ட என்ஜின்.

போர் வந்ததும் அதே பைத்தியக்காரத்தனம்தான் கவசம் ஆயிற்று. ஜெர்மன் நீர்மூழ்கி மேலே மிதந்து ஓடினால் 17 நாட் சொச்சம். முங்கிவிட்டால் ஏழு, எட்டுதான். 28 நாட்டில் போகிற கப்பலை அது எங்கே துரத்துவது? முன்னாலேயே போய்ப் பதுங்கிக் கிடந்து, அதிர்ஷ்டம் இருந்தால் குறுக்கே வரும்போது அடிக்கலாம். அதையும் கெடுக்கத்தான் வலமும் இடமுமாக மாற்றி மாற்றித் திரும்பிப் போவது. ஜிக்ஜாக் என்போம்.

இந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து அட்லாண்டிக் முழுக்கக் கூடவே வருகிற எண்ணெய் வசதி சின்னப் போர்க்கப்பல்களுக்குக் கிடையாது. அதனால் நடுக்கடலில் தனியாகத்தான் ஓடினாள். அயர்லாந்து நெருங்கும்போது ஜெர்மன் விமானம் வரும் பயம், அங்கே காவல் கப்பல்கள் எதிர்கொண்டு அழைக்கும். குரசோவா அப்படி வந்தது, விமான எதிர்ப்புப் பீரங்கி ஏற்றின பழைய குரூசர். 1917-ல் கடலில் இறக்கினது. நான்காயிரத்துச் சொச்சம் டன். குயின் மேரி 81,000 டன். பஸ்ஸும் மொபெட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.


#3 சந்தேகப்பிராணி

நல்ல இழை. ஆனால் ஒரு வேண்டுகோள். இவளை மூழ்கடிப்பவனுக்கு ஹிட்லர் இரண்டரை லட்சம் டாலர் பரிசு அறிவித்தார் என்ற கதையை யாரும் கொண்டுவர வேண்டாம். வலைத்தளம் வலைத்தளமாக ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பியடிக்கிறார்களே தவிர, ஜெர்மன் ஆவணத்தை யாரும் காட்டினதில்லை. டாலரில் ஏன் பரிசு கொடுக்க வேண்டும் என்று யோசித்தாலே போதும்.


#4 மலர்_பினாங்கு

எங்கள் பக்கத்துக் கதையும் ஒன்று இருக்கிறது. இந்தக் கப்பல் சிங்கப்பூருக்கு வந்திருக்கிறது. 1940-ல் ஒரு தடவை ட்ரை டாக்குக்காக, அதாவது தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பலின் அடிப்பாகத்தைப் பழுதுபார்க்கிற தொட்டிக்காக. அவ்வளவு பெரிய கப்பலை ஏற்றிவைக்கிற டாக் உலகத்தில் சில இடங்களில்தான் இருந்தது, அதில் சிங்கப்பூர் கடற்படைத் தளம் ஒன்று.

1941 பிப்ரவரியில் இன்னொரு தடவை. அப்போது ஆஸ்திரேலிய 8-ஆம் டிவிஷனைச் சேர்ந்த 22-ஆம் பிரிகேடைக் கொண்டுவந்து இறக்கினாள். ஐயாயிரத்துக்கு மேல் ஆட்கள். இறங்கின தேதி பிப்ரவரி 18. சிங்கப்பூர் விழுந்தது 1942 பிப்ரவரி 15. ஒரு வருஷத்துக்கு மூன்று நாள் குறைவு! செத்தவர் போக மீதிப் பேர் சாங்கி முகாமுக்கும், பலர் அங்கிருந்து சயாம் மரண ரயிலுக்கும் போனார்கள். அந்த ரயில் பாதையில் எங்கள் தோட்டத்துத் தமிழர்கள் எத்தனை பேர் போய்த் திரும்பவில்லை என்பதை இங்கே சொல்லத் தேவையில்லை. சொகுசுக் கப்பலில் வந்தவனும், தோட்டத்து லயத்திலிருந்து லாரியில் ஏற்றப்பட்டவனும் ஒரே காட்டில் ஒரே தண்டவாளம் போட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று. இது வட அட்லாண்டிக் குளிருக்காகக் கட்டின கப்பல். வெப்பக் கடலில் உள்ளே அடைத்து வைத்தால் எப்படி இருக்கும்? செங்கடல் ஓட்டத்தில் சூடு தாங்காமல் செத்தவர்கள் உண்டு.


#5 பரிதி_கோவை

சீஃப் சார், ரிவெட்டுத் திருத்தத்துக்கு நன்றி. மலர், அந்தத் தேதிக் கணக்கு எனக்குப் புதுசு.

உள்ளே எப்படி அடைத்தார்கள் என்பதைக் கொஞ்சம் எழுதுகிறேன். அமைதிக் காலத்தில் பயணிகள் சுமார் 2,100 பேர், ஊழியர் 1,100 பேர். கம்பளம் மட்டும் ஆறு மைல் நீளம். அதைச் சுருட்டி, பீங்கானும் வெள்ளிப் பாத்திரமும் பெட்டி பெட்டியாக இறக்கி, கரையில் கிடங்கில் வைத்தார்கள். சிட்னியில் மாற்றினபோது ஐயாயிரம் பேருக்கு இடம். அமெரிக்கா போருக்குள் வந்த பிறகு அது பத்தாயிரம், 1942 ஆகஸ்டில் பதினைந்தாயிரம். ஒரு முழு டிவிஷன் ஒரே கப்பலில். 1943 ஜூலையில் நியூயார்க்கிலிருந்து கிளைடுக்குப் போன ஒரு பயணத்தில் துருப்பும் ஊழியரும் சேர்த்து 16,683 பேர். ஒரே கப்பலில் அத்தனை பேர் போனது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

நீச்சல் குளத்தில் தண்ணீரை வடித்துவிட்டு அதற்குள் அடுக்கடுக்காகக் கித்தான் படுக்கை. ஒரு படுக்கைக்கு இரண்டு மூன்று பேர், முறை வைத்துத் தூங்க வேண்டும். ஒருவன் எழுந்த சூடு ஆறுவதற்குள் அடுத்தவன் படுப்பான். நாளைக்கு இரண்டே வேளைச் சாப்பாடு, ஆறு பந்தி. காலைப் பந்தி முடியப் பதினொன்று ஆகும். நம் ஊர்க் கல்யாணத்தில் மூன்றாம் பந்திக்கே சாம்பாரில் தண்ணீர் சேர்ந்துவிடும்! கப்பலைச் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்று பகுதியாகப் பிரித்து, ஒவ்வொருவன் சட்டையிலும் அந்த நிறத்தில் ஒரு வில்லை. சிவப்பு வில்லைக்காரன் நீலப் பகுதியில் கால் வைக்கக்கூடாது. பதினைந்தாயிரம் பேர் ஏதாவது வேடிக்கை பார்க்க ஒரே பக்கம் ஓடினால் கப்பல் சாய்ந்துவிடும், அதனால்தான் இந்தக் கெடுபிடி.

உயிர்காப்புப் படகுகள் எத்தனை என்று கேட்காதீர்கள். டைட்டானிக் இழையில் அதற்காக எவ்வளவு சண்டை போட்டோம்!


#6 புதுமுகம்_ரவி

அண்ணாக்களே, நான் இந்தக் கப்பல் பற்றி யூடியூபில் பேய் வீடியோதான் பார்த்திருக்கிறேன். அறை எண் பி340, கதவு எண் 13 என்று. அதெல்லாம் உண்மையா? 😬


#7 கப்பல்காரன்_தூத்துக்குடி

தம்பி ரவி, கதவு 13 என்பது நீர்தடுப்புக் கதவு. 1966-ல் ஒத்திகையின்போது இளவயதுப் பையன் ஒருவன் அதில் நசுங்கிச் செத்தான். அது உண்மை. அந்தக் கதவு மெதுவாகத்தான் மூடும், நிற்காது. மூடும்போது தாண்டாதே என்று எல்லாக் கப்பலிலும் முதல் நாளே சொல்வோம், எல்லாக் கப்பலிலும் ஒருவன் தாண்டிப் பார்ப்பான். எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் மூன்று விரல் இழந்தான். பேய் தேவையில்லை, தம்பி. ஹைட்ராலிக்கே போதும்.


#8 நடுக்கடல்_செகண்ட்

நான் சரக்குக் கப்பலில் இரண்டாம் அதிகாரி. இப்போது விடுமுறையில் நாகர்கோவிலில். பரிதியின் கேள்விக்கு வருகிறேன். இந்த வழக்கை எங்கள் படிப்பில் சொல்லிக்கொடுப்பார்கள், அப்போது மண்டையில் ஏறவில்லை. பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டுகிற மேல்தள அறையில், தனியாக நிற்க ஆரம்பித்த பிறகுதான் ஏறிற்று.

நடந்தது இது. குயின் மேரி சுமார் 28 நாட், ஆனால் 8-ஆம் எண் ஜிக்ஜாக் ஓடுகிறாள். நேரே கொஞ்சம், வலப்பக்கம் 25 பாகை, அப்புறம் இடப்பக்கம் 50 பாகை, இப்படி 40 நிமிஷச் சுற்று. வளைந்து போவதால் முன்னேறும் வேகம் 26 நாட் சொச்சமாகக் குறைகிறது. குரசோவா வளையாமல் நேர்கோட்டில், தன்னால் முடிந்த முழு வேகத்தில் முன்னால் போகிறது. பழைய கப்பல், 25 நாட்டைத் தாண்ட மூச்சு வாங்குகிறது. அதன் கேப்டன் பௌட்வுட், நீங்கள் முந்தினதும் நான் பின்னால் வந்து சேர்ந்துகொள்கிறேன் என்று முன்கூட்டியே சிக்னல் கொடுத்திருந்தார்.

ஆக ஒருவர் நேரே, ஒருவர் நெளிந்து, பின்னால் வருபவர் கொஞ்சம் கொஞ்சமாக முந்துகிறார். ஒரே தெருவில் ஒரு ஆள் நேராக நடக்க, பின்னால் வருபவன் தெருவின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாகக் குறுக்கே அலைந்து முந்தப் பார்க்கிற மாதிரி. தூரம் நிறைய இருக்கும்போது பிரச்சனை இல்லை. இரண்டு மணிக்குப் பிறகு தூரம் போதவில்லை.

குயின் மேரி பிரிட்ஜில் இருந்த அதிகாரிக்குச் சந்தேகம் வந்தது, திருப்பத்தை நிறுத்தினார். கேப்டன் இல்லிங்வொர்த் வந்து பார்த்துவிட்டு, ஜிக்ஜாக்கைத் தொடரச் சொன்னார். காவல் கப்பல்காரர்களுக்கு இது பழக்கம், அவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள் என்பது அவர் கணக்கு. குரசோவாவில் பௌட்வுட் கணக்கு வேறு: முந்துகிற கப்பல்தானே ஒதுங்க வேண்டும், அதுதானே கடல் விதி. இரண்டு பேர் கணக்கும் புத்தகப்படி சரி. சுமார் 2.15-க்கு 81,000 டன் வந்து பக்கவாட்டில் ஏறிற்று. பின்பாதி சில நிமிஷத்தில் போயிற்று, முன்பாதியும் நிலைக்கவில்லை. குயின் மேரியில் கீழ்த்தளத்தில் இருந்த பலருக்கு ஒரு சின்னக் குலுக்கல் மட்டும்தான் தெரிந்தது.

என் கதை ஒன்று. ஒரு ஜலசந்தியில், ராத்திரி 2 மணிக் காவல், ஒரு சின்ன ரசாயன டாங்கரை முந்திக்கொண்டிருந்தேன். தூரம் குறைவது திரையில் தெரிகிறது. கேப்டனை எழுப்பினேன். லுங்கியோடு வந்தார், ஒரு பார்வை பார்த்தார், "அவன் ஒதுங்குவான், நீ போ" என்றார். கூடவே நின்று டீ குடித்தார். டாங்கர் ஒதுங்கவில்லை. கடைசியில் நான்தான் சுக்கானைத் திருப்பினேன், அவர் டீ சட்டையில் கொட்டிற்று, திட்டு வாங்கினேன். இரண்டு நாள் கழித்து, "நல்ல வேளை திருப்பினே" என்றார். அவர் கெட்ட கேப்டன் இல்லை, முப்பது வருஷ அனுபவம். அந்த முப்பது வருஷமும் எல்லோரும் அவருக்கு ஒதுங்கியே கொடுத்திருக்கிறார்கள், அதுதான் விஷயம்.


#9 வக்கீல்_கயல்

செகண்ட் சார், அருமை. நீதிமன்றக் கதை என் பங்கு.

போர் முடியும்வரை செய்தியை வெளியே விடவில்லை. பார்த்தவர்கள் வாயைத் திறக்கக்கூடாது என்று உத்தரவு. மகன் எப்படிச் செத்தான் என்பது பல தாய்மார்களுக்கு 1945-ல்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு கடற்படைத் தலைமை குனார்டு வொயிட் ஸ்டார் மேல் தொடுத்த வழக்கு விசாரணைக்கு வந்தது.

1947-ல் முதல் நீதிமன்றம்: குயின் மேரி மேல் தப்பே இல்லை, எல்லாம் குரசோவாவின் தப்பு. நீதிபதி பில்ச்சரின் தர்க்கம் சுருக்கமாக: காவலுக்கு வந்தவன் வேலை, காக்கப்படுபவன் பாதையிலிருந்து விலகி நிற்பது. மேல்முறையீட்டில் இது மாறிற்று. கடற்படை மூன்றில் இரண்டு பங்கு, குயின் மேரி மூன்றில் ஒரு பங்கு. 1949-ல், அப்போது பிரிட்டனின் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபையும் அதையே உறுதி செய்தது.

முந்துகிற கப்பல் ஒதுங்க வேண்டும் என்ற விதி இங்கே அப்படியே பொருந்தாது, ஏனென்றால் உத்தரவுப்படி வளைந்து ஓடுகிற கப்பலும் அதன் காவலும் சாதாரணமாக எதிர்ப்படும் இரண்டு கப்பல்கள் இல்லை. ஆனால் கண்ணுக்கு முன்னால் ஆபத்து தெரிகிறபோது, எனக்கு முன்னுரிமை என்று சுக்கானைப் பிடித்துக்கொண்டு நிற்கவும் முடியாது. அந்த மூன்றில் ஒரு பங்கு இதற்காகத்தான் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

மூன்றில் ஒன்றுதானே என்று நினைக்காதீர்கள். கடற்படை வீரர் குடும்பம் அரசர் மேல் நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாத காலம் அது. தனியார் கம்பெனி மேல் ஒரு துளி தப்பாவது இருந்தால்தான் அவர்களுக்குக் கதவு திறக்கும். முதல் தீர்ப்பில் அந்தக் கதவு மூடியிருந்தது.


#10 சந்தேகப்பிராணி

கயல் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஒன்றை எல்லோரும் நாசூக்காகத் தாண்டிப் போகிறீர்கள். இடித்தது விபத்து. இடித்த பிறகு நிற்காமல் போனது முடிவு. தண்ணீரில் நூற்றுக்கணக்கான ஆட்கள், எண்ணெய் மிதக்கிறது, அக்டோபர் மாத வட அட்லாண்டிக். பின்னால் வந்த நாசகாரிக் கப்பல்கள் வந்து பொறுக்கினது சுமார் 100 பேரைத்தான். இவள் உடனே படகு இறக்கியிருந்தால் இன்னும் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்?


#11 கப்பல்காரன்_தூத்துக்குடி

தம்பி, கோபம் நியாயம்தான். கணக்கைப் பார்ப்போம்.

அவள் வயிற்றில் பத்தாயிரத்துக்கு மேல் அமெரிக்கத் துருப்பு. நின்றால் அவளுக்கு ஒரே ஒரு கவசம், வேகம், அது போய்விடும். எதற்காகவும் நிற்காதே என்பது கேப்டன் சொந்தமாக எடுத்த முடிவு இல்லை, எழுத்தில் கொடுத்த ஆணை. 28 நாட்டில் ஓடுகிற 81,000 டன்னை நிறுத்துவதும் பஸ்ஸை நிறுத்துவது மாதிரி இல்லை, மைல் கணக்கில் ஆகும். அதற்குள் தண்ணீரில் கிடப்பவர்கள் பின்னால் எங்கேயோ. நாலு புரொப்பெல்லர் சுழலுகிற கப்பலை ஆட்கள் மிதக்கிற இடத்துக்குத் திருப்பிக்கொண்டு வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டாம். வேறு கப்பல்களுக்குத் தகவல் கொடுத்துவிட்டுப் போனாள். பிராமம், கௌட்ரி என்ற இரண்டும் வந்து பொறுக்கின.

மூக்கு நசுங்கிப்போய், பாதி வேகம்கூட இல்லாமல்தான் கிளைட் போய்ச் சேர்ந்தாள். அங்கே சிமெண்ட் கொட்டி ஓட்டையை அடைத்தார்கள். அந்தச் சிமெண்ட் மூக்கோடு அட்லாண்டிக்கைத் திரும்பக் கடந்து, பாஸ்டனில்தான் முறையாகச் சரிசெய்தார்கள். கப்பலில் சிமெண்ட் பெட்டி அடிப்பது எங்களுக்குக் கைவந்த வேலை, ஆனால் அந்த அளவுக்கு நான் அடித்ததில்லை.


#12 சந்தேகப்பிராணி

ஆணைப்படி நடந்தார் என்பது எனக்குத் தெரியும் சீஃப். ஆணை சரியா என்பதுதான் கேள்வி. சரி, பத்தாயிரம் பேருக்கு எதிராக நூற்றுக்கணக்கானோர் என்று தராசு வைத்தால் எனக்கும் பதில் இல்லை. தராசு வைப்பதே பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அதே 1942 டிசம்பரில் ராட்சத அலை அடித்து 52 பாகை சாய்ந்தாள் என்ற கதையைப் பற்றி யாராவது சொல்லுங்கள். அதுவும் ஹிட்லர் பரிசு ரகமா?


#13 நடுக்கடல்_செகண்ட்

இல்லை, இது வேற. துருப்புகளோடு போன மருத்துவர் ஒருவர் வீட்டுக்கு எழுதின கடிதத்தில் கிட்டத்தட்டக் கவிழ்ந்தோம் என்று இருக்கிறது. ஒரு நொடி மேல்தளம் வழக்கமான உயரத்தில், அடுத்த நொடி கீழே, என்று எழுதியிருக்கிறார். அலை அடித்ததில் சந்தேகம் இல்லை. 52 பாகை, இன்னும் மூன்று பாகை போயிருந்தால் அவ்வளவுதான் என்ற துல்லியம்தான் எனக்கு இடிக்கிறது. நான் பார்த்த அதிகபட்சம் 31. அன்றைக்கு மெஸ்ஸில் ஃபிரிட்ஜ் கதவு திறந்து, முட்டை ட்ரே சுவரில் போய் அடித்தது. 52-ல் பத்தாயிரம் பேர் உள்ளே எப்படி இருந்திருப்பார்கள் என்று கற்பனை ஓடவில்லை.


#14 ஒட்டாவா_இளங்கோ

தாமதமாக வருகிறேன். இந்தக் கப்பல் இப்போது நிற்கிற கலிபோர்னியாவின் லாங் பீச்சுக்கு 2023-ல் போய், அதில் ஒரு ராத்திரி தங்கினேன். கொரோனாவில் மூடி வைத்திருந்து அந்த வருஷம்தான் திறந்தார்கள்.

போருக்குப் பிந்தின கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1946-ல் அமெரிக்க, கனடா சிப்பாய்களைக் கட்டின பிரிட்டிஷ் பெண்களையும் குழந்தைகளையும் ஆயிரக்கணக்கில் ஏற்றிக்கொண்டு போனாள். தொட்டில் கட்டி, நாப்கின் காயப்போடக் கொடி கட்டி, வேற மாதிரித் துருப்பு. எங்கள் தெருவில் இருந்த பாட்டி ஒருவர் அப்படி வந்தவர், ஹாலிஃபாக்ஸ் துறையில் இறங்கினதும் முதலில் கேட்டது வாழைப்பழம் என்பார். 1947 ஜூலை 31-லிருந்து மறுபடி பயணிக் கப்பல். ஜோடியான குயின் எலிசபெத்தோடு வாரம் ஒரு பயணம், பத்து வருஷம் நல்ல ஓட்டம். 1958-ல் ஜெட் விமானம் வந்தது. ஐந்து நாள் பயணம் ஏழெட்டு மணி நேரம் ஆயிற்று. கடைசி வருஷங்களில் குளிர்காலப் பயணங்களில் பயணிகளைவிட ஊழியர்கள் அதிகம். 1967-ல் லாங் பீச் நகரம் 34.5 லட்சம் டாலருக்கு வாங்கிற்று. பனாமா கால்வாயில் நுழைய முடியாத உடம்பு, அதனால் தென் அமெரிக்காவின் கேப் ஹார்னைச் சுற்றிக்கொண்டு 1967 டிசம்பர் 9-ல் வந்து சேர்ந்தாள்.

நார்மண்டி என்ன ஆனாள் என்று யாரும் கேட்கவில்லையே? 1942 பிப்ரவரி 9-ல், நியூயார்க்கில் அவளையும் துருப்புக் கப்பலாக மாற்றும்போது, இரும்பு வெட்டும்போது பறந்த தீப்பொறி உயிர்காப்புச் சட்டைக் குவியலில் பட்டுத் தீப்பிடித்தது. அணைக்கிறேன் என்று அத்தனை தண்ணீரை உள்ளே அடித்தார்கள், கட்டின இடத்திலேயே கவிழ்ந்து படுத்தாள். ஒரு டார்பிடோகூடப் படவில்லை.

இப்போது லாங் பீச். நான் பார்த்ததில் இரண்டு சொல்ல வேண்டும். முதல் வகுப்புச் சாப்பாட்டுக் கூடத்தின் சுவரில் பெரிய அட்லாண்டிக் வரைபடம். அதில் கண்ணாடியில் செய்த ஒரு குட்டிக் கப்பல் இருக்கும். பயணத்தின்போது நிஜக் கப்பல் எங்கே இருக்கிறதோ, அந்த இடத்துக்கு அதை நகர்த்திக்கொண்டே வருவார்கள். சூப்பு குடித்துக்கொண்டே, நாம் இப்போது எங்கே என்று தலை தூக்கிப் பார்த்துக்கொள்ளலாம். 1942 அக்டோபரில் அதே கூடத்தில்தான் ஆறு பந்தி நடந்திருக்கும்.

இரண்டாவது, பின்பக்கம் கீழே. பாய்லரெல்லாம் எடுத்துவிட்டார்கள், அங்கே வெறும் குகை. பின் என்ஜின் அறை மட்டும் இருக்கிறது. அதைத் தாண்டினால், கப்பலின் வெளிப்புறத்தில் பெட்டி மாதிரி ஒன்றைக் கட்டி, ஒரே ஒரு புரொப்பெல்லரை தண்ணீருக்குள்ளேயே பார்க்க வைத்திருக்கிறார்கள். விளக்குப் போட்ட பச்சைத் தண்ணீர், அதில் அசையாமல் அந்தப் பித்தளை. இருபது அடி எதிரே நின்று பார்த்தேன். எனக்கு முன்னால் ஒரு குழந்தை, "இது எப்போது சுத்தும்?" என்று அம்மாவைக் கேட்டுக்கொண்டே இருந்தது.


#15 பரிதி_கோவை

இளங்கோ, இதுக்காகவே இழை தொடங்கினது வீண் போகவில்லை. ஆனால் என் கேள்விக்கு இன்னும் ஒரு வரிப் பதில் கிடைக்கவில்லை. தப்பு யார் பக்கம்? பிரபுக்கள் சபை தீர்ப்பை விடுங்கள், நீங்கள் சொல்லுங்கள்.


#16 நடுக்கடல்_செகண்ட்

என்னைக் கேட்டால், சந்தேகம் வந்த அந்த அதிகாரி திருப்பத்தை நிறுத்தினாரே, அப்போதே விட்டிருக்க வேண்டும். ஒரு சுற்று ஜிக்ஜாக் தவறினால் யாரும் செத்திருக்க மாட்டார்கள். ஆனால் அன்றைக்கு அந்த பிரிட்ஜில் நான் நின்றிருந்தால் கேப்டன் சொன்னதைத்தான் செய்திருப்பேன்.


#17 வக்கீல்_கயல்

நான் மூன்றில் ஒன்றை இரண்டில் ஒன்றாக ஆக்கியிருப்பேன். 😊


#18 கப்பல்காரன்_தூத்துக்குடி

நான் கீழே நின்ற ஆள், மேலே நடந்ததற்குத் தீர்ப்பு சொல்ல எனக்குத் தகுதி இல்லை. என்ஜின் அறையில் கடல் தெரியாது. எது நடந்தாலும் டெலிகிராப் மணியில்தான் தெரியும். அன்றைக்கு அங்கே நின்றவனை நினைத்துப் பார்க்கிறேன். ஒரு குலுக்கல். என்னமோ தட்டிற்று என்று ஒருவரை ஒருவர் பார்த்திருப்பார்கள். எல்லோர் கண்ணும் டயல் மேல் போயிருக்கும். கொஞ்ச நேரத்தில் வேகத்தைக் குறைக்கச் சொல்லி மணி வந்திருக்கும். நிறுத்தச் சொல்லி வரவில்லை. அப்போது பெரிதாக ஒன்றும் இல்லை என்று நினைத்து, அவனவன் வால்வுக்குத் திரும்பியிருப்பான்.


#19 புதுமுகம்_ரவி

சீஃப் சார், டெலிகிராப் என்றால் தந்திதானே? என்ஜின் அறையில் எதற்குத் தந்தி?


#20 கப்பல்காரன்_தூத்துக்குடி

அது வேற தம்பி. வட்டமான பித்தளை டயல், நடுவில் கைப்பிடி. முழு வேகம், பாதி வேகம், மெதுவாக, நிறுத்து என்று எழுதியிருக்கும். மேலே பிரிட்ஜில் கைப்பிடியைத் திருப்பினால் கீழே எங்கள் டயலில் முள் நகரும், மணி அடிக்கும். நாங்கள் எங்கள் கைப்பிடியை அதே இடத்துக்குக் கொண்டுபோய்ப் பதில் மணி அடிக்க வேண்டும். புரிந்தது, செய்கிறோம் என்று அர்த்தம்.


#21 ஒட்டாவா_இளங்கோ

பின் என்ஜின் அறையில் எடுத்த போட்டோக்களில் அது இருக்க வேண்டும், தம்பி. பழைய போனில் கிடக்கிறது. ராத்திரி தேடி ஏற்றுகிறேன்.